வராத வாடகை

அத்தியாயம் 11

மேக்சின் பெட்டியோடு வந்து இறங்கிய இடத்தில் போன வாரம் நின்றோம். அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் கூடத்தில் அப்படியே இருக்கிறது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால், அவள் தங்க வரவில்லை, வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அவள் வாங்க வந்தது தன் பாதியை. டேக்கெட் கிழவர் சாகும்போது முந்நூற்று இருபது ஏக்கரையும் மகனுக்கும் மகளுக்கும் சமபாதியாக எழுதிவிட்டுப் போனார். மகன் கோய் அதில் கோதுமை போடுகிறான், மாடு மேய்க்கிறான். மகள் மேக்சின் அமரில்லோ நகரத்தில் அழகு நிலையம் வைத்து, அதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசிக்குள் தன் பாதிக்கான பணம் வராவிட்டால் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவேன் என்று வக்கீல் மூலம் சொல்லியாகிவிட்டது. கோய் கையில் அவ்வளவு பணம் இல்லை. அவன் விற்கக்கூடிய மாடுகளை எல்லாம் விற்றாலும் பாதியில் பாதிகூடத் தேறாது.

அவனுக்கு இருந்த ஒரே நம்பிக்கை, ஒரு கம்பெனியின் ஞாபக மறதி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கிழவர் அந்த நிலத்தின் அடியில் இருக்கும் எரிவாயுவை டல்ஸா நகரத்திலுள்ள ஒரு சின்னக் கம்பெனிக்குப் பத்து வருஷக் குத்தகைக்கு விட்டார். கம்பெனி இன்றுவரை ஒரு குழாயை இறக்கவில்லை. இறக்காமல் வெறுமனே பிடித்து வைத்திருப்பதற்கு வருஷத்துக்கு ஒருமுறை, ஏக்கருக்கு ஒரு டாலர் வாடகை. குறித்த தேதியில் மூன்று மணிக்கு வங்கி மூடுவதற்குள் அது டேக்கெட் குடும்பத்துக் கணக்கில் ஏறிவிட்டால் குத்தகை இன்னொரு வருஷம் உயிரோடு இருக்கும். ஏறாவிட்டால் அந்த நிமிஷமே செத்தது. நோட்டீஸ் கிடையாது, கெஞ்சல் கிடையாது.

முன்பெல்லாம் அந்தப் பணத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. வந்தால் கோய் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிடும். ஆனால் போன கோடையில் பக்கத்து லெட்பெட்டர் நிலத்தில் தோண்டிய எரிவாயுக் கிணறு ஆகாயத்துக்கு நெருப்பைக் கக்கியது. அன்றிலிருந்து வில்லோ ஃபோர்க் ஊருக்கே புத்தி பேதலித்துவிட்டது. புதுக் குத்தகைக்கு ஏக்கருக்கு ஆயிரம் டாலர் கையில் கொடுக்கிறேன் என்று டெல்பர்ட் என்ற ஏஜெண்ட் கோயின் பின்னாலேயே சுற்றுகிறான். பழைய குத்தகை செத்தால்தான் அந்தப் பணம். செத்தால் மேக்சினுக்கு அவள் பங்கைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கோய் நிலத்தோடு நிம்மதியாக இருக்கலாம்.

அந்தத் தேதி இன்றைக்கு. எப்போதும் இரண்டு வாரம் முன்னாலேயே வரும் செக் இந்த வருஷம் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி மாட்டிக்கொண்டிருக்கிறாள். கோயின் மனைவி லியோனா. பணம் வந்து சேர வேண்டிய அந்த வங்கியில் அவள்தான் கேஷியர்.

*

காலையில் சமையலறையில் பிஸ்கட் என்கிற சுடு ரொட்டியும் கிரேவியும் ஆறிக்கொண்டிருந்தன. சுவர் போனின் மேல் கோய் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தான். ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் போன் எடுப்பதில்லை, யாரும் போன் செய்வதுமில்லை. கம்பெனி தற்செயலாகக் கூப்பிட்டு, யாராவது மரியாதைக்கு "சௌக்கியமா" என்று கேட்டு, அதிலே அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டால் என்ன ஆவது? இந்தப் பக்கத்தில் வாடகைத் தேதி நெருங்கும் எல்லா வீடுகளிலும் இதே பயித்தியம்தான். போன வருஷம் ஒரு குடும்பம் மூன்று நாள் சர்ச்சுக்குக்கூட வரவில்லை.

"இன்னிக்குத் தபால்ல அந்தக் கவர் வந்துச்சுன்னா..." என்று கோய் ஆரம்பித்தான்.

"வந்தா வரவு வெப்பேன்," என்றாள் லியோனா.

"நான் இன்னும் கேக்கவே இல்லியே!"

"ஒரு வாரமா கண்ணாலேயே கேட்டுக்கிட்டுதானே இருக்கே."

"ஒரே ஒரு நாள், லியோனா. கவர் கை தவறி மேஜைக்கு அடியில விழுது. நாளைக்குக் காலைல குனிஞ்சு எடுக்கிறே. யாருக்குத் தெரியப்போகுது?"

"குனியறவளுக்குத் தெரியும்."

மேக்சின் காப்பிக் கோப்பைக்குள்ளேயே சிரித்தாள். "விடு கோய். உன் பொண்டாட்டி சர்ச்சுல முதல் பெஞ்ச். அவகிட்டப் போய் இதெல்லாம் பேசிக்கிட்டு."

"நீ எந்த பெஞ்சுனு நான் கேட்டேனா?" என்று லியோனா திருப்பிக் கொடுத்தாள். "பெட்டியைப் பிரிக்காம வாசப்பக்கமே பாத்துக்கிட்டு இருக்கே. மூணு மணிக்கு மேல பாத்தா போதாதா?"

"எனக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளல. எப்படித்தான் இங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களோ! அமரில்லோவா இருந்தா நேரா கேட்டுட்டுப் போயிருப்பாங்க."

"கேட்டுடாதே தாயே," என்று கோய் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன். மூணு மணி வரைக்கும் நீ யாரையும் எதுவும் கேட்காதே."

லியோனா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளும் கல் இல்லை. அந்தக் கவர் வரக்கூடாது என்று அவளும் வேண்டிக்கொண்டுதான் காரை எடுத்தாள். வேண்டிக்கொண்டது பாவமா என்று வழி முழுவதும் யோசித்தாள். வெளியில் காற்று சிவப்பு மண்ணைச் சாலைக்குக் குறுக்கே வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

*

தபால் வந்தது. லியோனா ஒவ்வொரு கவராகப் பிரித்தாள். விதைக் கடை, டிராக்டர் கடை, யாரோ ஒரு விதவையின் பென்ஷன். டல்ஸாவிலிருந்து ஒன்றும் இல்லை.

பக்கத்து ஜன்னலில் இருந்த உதவிக் கேஷியர் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். லியோனா இல்லையென்று மெல்லத் தலையசைத்தாள். அவ்வளவுதான். அரை மணிக்குள் எதிர் வரிசை காப்பிக் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே கோய் டெல்பர்ட்டோடு உட்கார்ந்திருந்தான். டெல்பர்ட்டின் தோல் பையில் கையெழுத்துக்குத் தயாராக ஒப்பந்தமும், கூடவே பணத்துக்கான டிராஃப்டும் இருந்தன. காலையிலிருந்து டெல்பர்ட் நாலு துண்டு ஆப்பிள் பை தின்றுவிட்டான் என்று கேள்வி.

மத்தியானம் வங்கி முதலாளி ஹாலிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து ஊரில் ஒரு சாவு.

"நான் வர்றதுக்கு நேரமாகும், லியோனா. பூட்டிட்டுப் போயிடு." வாசல் வரை போனவர் திரும்பினார். "இன்னிக்கு உங்களுக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்."

சொல்லாமல் போயிருந்தாலே தேவலை என்று லியோனாவுக்கு இருந்தது. நம்பிக்கை வைக்கிறவர்கள் அதை ஒரு மூட்டையாகக் கட்டி நம் தலையில் ஏற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

மூன்று மணி நெருங்கியது. வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். உதவிக் கேஷியர் பெண் பின்னால் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். லியோனா முதல்முறையாக அன்றைக்கு மூச்சை முழுதாக விட்டாள். ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

போன் அடித்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டில் இருக்கும் போனுக்குத் துண்டைப் போர்த்தலாம். வங்கி போனுக்கு எதைப் போர்த்துவது? ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்துவிட்டாள்.

"கண்ணு, நான் டல்ஸாலேர்ந்து ஓப்பல் பேசறேன்." குரல் மூச்சிரைத்தது. "லியோனாதானே? கடவுள் இருக்காரு! எங்க குத்தகை கிளார்க் போன மாசம் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுட்டுப் போயிட்டான். இப்பத்தான் அவன் அலமாரியைத் திறந்து பாக்கிறேன். டேக்கெட் வாடகை உங்களுக்கு வந்து சேந்துச்சா?"

ஓப்பலை அவளுக்கு ஏழு வருஷமாகத் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பணம் ஏறியதும் ரசீது அனுப்பச் சொல்லிக் கூப்பிடுகிறவள். கூடவே நாலு வார்த்தை விசாரிப்பாள். லியோனாவின் தங்கை இறந்தபோது அனுதாப அட்டை எழுதிப் போட்டவள்.

"வரலே," என்றாள் லியோனா.

"ஐயோ! எனக்கு வேலையே போயிடும், கண்ணு. இரு, இரு. எங்க ஆட்களுக்குச் சம்பளம் போடறதுக்கு உங்க வங்கியிலேயே ஒரு கணக்கு வெச்சிருக்கோமில்ல? அதுலேர்ந்து எடுத்து டேக்கெட் கணக்குல போட்டுடு. முந்நூத்தி இருபது. கையெழுத்துப் போட்ட காகிதம் நாளைக்கே தபால்ல வரும். நான் சொல்றேன், நீ போடு."

இங்கேதான் லியோனாவுக்கு ஒரு கதவு திறந்தது.

எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றக்கூடாது. வங்கி விதி அது. அச்சடித்துச் சுவரிலேயே மாட்டியிருந்தது. "மன்னிக்கணும் ஓப்பல், காகிதம் இல்லாம முடியாது" என்று ஒரே ஒரு வரி. ஒருத்தரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஹாலிஸும் முடியாது, கோர்ட்டும் முடியாது. கோய் தெருவிலேயே அவளைத் தூக்கிச் சுற்றுவான். மேக்சின் பெட்டியோடு போவாள். நிலம் நிற்கும்.

ஆனால் அந்த விதியை வில்லோ ஃபோர்க்கில் யார் பார்த்தார்கள்? மாட்டுச் சந்தையிலிருந்து ஆள் கூப்பிடுவான், "லியோனா, நாலாயிரத்தை இந்தக் கணக்குக்கு மாத்து, காகிதம் அப்புறம் தரேன்" என்பான். குரல் தெரிந்தால் போதும், அவள் மாற்றுவாள். ஊரே அப்படித்தான் ஓடுகிறது. போன மாதம் இதே போனில், மாட்டு ஏலம் கை நழுவிவிடும் என்று பதறி, காகிதமில்லாமல் பணம் மாற்றச் சொன்னவன் அவள் புருஷன் கோய்தான். அன்றைக்குச் சுவரிலிருந்த விதியை அவள் பார்க்கவில்லை. இன்றைக்கு மட்டும் பார்த்தால் அதற்குப் பேர் விதியா?

"கண்ணு? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"உங்க நிலம்னு எனக்குத் தெரியும். நீ முடியாதுன்னு சொன்னாலும் நான் உன்னைத் தப்பா நினைக்கமாட்டேன்." ஓப்பல் குரல் இறங்கியது. "எங்க முதலாளிதான் என்னைச் சும்மா விடமாட்டார்."

லியோனாவுக்கு அழுகை வந்தது. அவள் மனம் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. கை என்னவோ பற்றுச்சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டது. கம்பெனி கணக்கில் பற்று. டேக்கெட் கணக்கில் வரவு. தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"போட்டாச்சு," என்றாள்.

மறுமுனையில் ஓப்பல் விசும்பியபடி நன்றி சொன்னாள். போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள்.

"நல்லவேளை, மத்தியானம் உங்க ஊர்லேர்ந்து ஒரு லேடி போன் பண்ணிக் கேட்டாங்க. டேக்கெட் நிலம் இன்னிக்கோட விடுதலையாகுதான்னு. பேரு சொல்லல. அந்த போன் வரலேன்னா நான் அந்த அலமாரியைத் திறந்திருக்கவே மாட்டேன்."

*

சர்ச் மணி மூன்று அடித்து ஓய்வதற்குள் கோய் உள்ளே வந்துவிட்டான். தொப்பி கையில். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்.

"மேடம், ஒரு கணக்கு விவரம் தெரியணும்," என்று கவுண்டர் கம்பிக்கு வெளியே நின்று கேலியாகக் குனிந்தான். "டேக்கெட்னு ஒரு ஏழை விவசாயி. அவனுக்கு இன்னிக்குப் பணம் கிணம் ஏதாவது வந்திருக்கா? வரலேன்னு சொல்லுங்க, முத்தம் தர்றேன்."

லியோனா வரவுச்சீட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அதைப் படித்தான். இரண்டாம் முறை படித்தான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான், பிறகு மறுபடி எடுத்தான்.

"தபால்ல ஒண்ணும் வரலேன்னு சொன்னாங்களே."

"தபால்ல வரலே. போன்ல சொன்னாங்க. அவங்க கணக்குலேர்ந்து மாத்தினேன்."

"காகிதம் எங்க?"

"நாளைக்கு வரும்."

"காகிதம் இல்லாம மாத்தினியா?" அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முடியாதுன்னு ஒரு வார்த்தை. திருட வேண்டாம், ஒளிக்க வேண்டாம், மேஜைக்கு அடியில போட வேண்டாம். சுவத்துல எழுதி ஒட்டியிருக்கிறதைப் படிச்சிருந்தா போதும்."

"உனக்கு மாத்தும்போது நான் அதைப் படிக்கலியே, கோய்."

"நான் உன் புருஷன்டி!"

"அதனாலதான் சொல்றேன்."

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "இன்னும் மூணு வருஷம். ஏக்கருக்கு ஒரு டாலர். அதுக்குள்ள நிலம் யார் பேர்ல இருக்கும்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். போன் செய்த அந்தப் பெண்ணைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். பழியை வேறு பக்கம் தள்ளிவிட்டதுபோல் ஆகிவிடும் என்று நாக்கு எழவில்லை. கோய் கதவைக்கூட அறையாமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

மேக்சின் வாசலிலேயே நின்றிருந்தாள் போலிருக்கிறது. அவன் தன்னைத் தாண்டிப் போய் பிக்கப் வண்டியில் ஏறியதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். உதட்டுச் சாயம் அழிந்திருந்தது.

"என்ன ஆச்சு? அந்த ஓப்பல் பேசினாளா?"

லியோனா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓப்பல்ங்கிற பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

மேக்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாடகையைப் பத்திப் பேசவே இல்ல, சத்தியமா. காப்பிக் கடையில கோய் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தான், எனக்கு உயிர் போச்சு. யாரோ ஊர்க்காரி மாதிரி, நிலம் காலியாகுதான்னு மட்டும் கேட்டேன். ஆமான்னு அவ சொல்லிட்டா ஓடிவந்து அவன்கிட்டச் சொல்லலாம்னு. ரெண்டு மணி நேரம் முன்னாடியே அவன் சிரிச்சிருப்பான் இல்ல?"

"அவன் உன் கால்ல விழறேன்னு சொன்னானே, மேக்சின்."

"விளையாட்டுக்குச் சொல்றான்னு நினைச்சேன்!" அவள் அழுதாள். சிறுபிள்ளைபோல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். "எனக்கும்தானே பாதி போச்சு. எல்லாம் போச்சு. நீ அவன்கிட்டச் சொல்லிடாதே லியோனா. என்னைக் கொன்னுடுவான்."

"என்னை மட்டும் கொஞ்சுவானா?"

லியோனாவுக்கு ஆத்திரம் மூக்கு நுனி வரை வந்தது. அவளை இழுத்து ஓர் அறை விட்டால் என்ன என்று தோன்றியது. அழுகிறவளை எங்கே அறைவது?

"நான் சொல்லமாட்டேன்," என்றாள். "நீதான் சொல்லணும். இன்னிக்கு என்னைக் கேட்டாங்க, நான் உண்மையைச் சொன்னேன். என்ன விலை கொடுத்தேன்னு பாத்தே இல்ல? உன் முறை. போ."

மேக்சின் போனாள்.

கண்ணாடிக் கதவு வழியாக லியோனா பார்த்தாள். காப்பிக் கடை வாசலில் டெல்பர்ட் தோல் பையோடு வந்து நின்று, காற்றை மோப்பம் பிடித்ததுபோல் பார்த்துவிட்டு, தன் காரில் ஏறிப் போனான். மேக்சின் பிக்கப்பின் ஜன்னலில் குனிந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் சொன்னாள். கோய் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்தபடி கேட்டான். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை.

திடீரென்று பிக்கப் கிளம்பியது. மேக்சின் பின்வாங்கித் தெருவிலேயே நின்றுவிட்டாள். ஊருக்கு இருக்கும் ஒரே சிக்னல் விளக்குக்குப் போய் கோய் திரும்பினான். வீடு இடது பக்கம். அவன் வலது பக்கம் திரும்பினான். அது நெடுஞ்சாலைக்குப் போகிற வழி, டல்ஸாவுக்குப் போகிற வழி.

லியோனா வங்கியைப் பூட்டினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள், வழக்கம்போல. தன் காரை எடுத்துக்கொண்டு மேக்சின் பக்கத்தில் வந்து நிறுத்தி, எட்டிக் கதவைத் திறந்தாள்.

"ஏறு."

மேக்சின் ஏறினாள். தலைமுடி முழுக்கச் சிவப்பு மண். "அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டல," என்றாள். "அந்த ஓப்பல் எங்க உக்காந்திருப்பான்னு மட்டும் கேட்டான்."

லியோனாவின் கை ஸ்டீயரிங்கில் நின்றது.

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு என்ன தெரியும்? கம்பெனி பேரைச் சொன்னேன்." மேக்சின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போகலாமா?"

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு, லியோனா வண்டியை வலது பக்கம் திருப்பினாள்.